‘பாலம் வரும்போது கடப்போம்’

ஆங்கிலத்தில் வழங்கும் மரபுத் தொடர்கள் பல இக்காலத்தில் தமிழுடை புனைந்து நம்மிடையே உலவுகின்றன. அவற்றுட் சில நம் மொழியோடு நன்கு இயைந்துவிட்டன; சில, இரவல் வாங்கிய சட்டையைப் போலக் கை நீண்டும் மார்பு குறுகியும் காண்கின்றன. அவை அனைத்தையும் ஆராய யாம் புகவில்லை. ‘பாலத்தை அடையும்போது அதனைக் கடப்போம்’ என்னும் ஒரு தொடரை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். விடுதியிலும், வகுப்பறை வாயிலிலும், மாணவர் மன்றக் கூட்டங்களிலும் இதனைக் கேளாத நாள் அரிது. கேட்ட வினாவிற்கு விடை கைவசம் இல்லாதபோது இத்தொடரே விடையாகி விடுகின்றது. முத்தமிழ் விழாவிற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று செயலாளரை வினவினால், பாலம் வரும்போது கடப்போம் என்பார். பருவத் தேர்வு நெருங்குகின்றதே, நன்னூலின் ஏடு இன்னும் பிரிக்கப்படவில்லையே என்று நண்பரை வினவினால், அவரும் அதனையே கூறுவார். அதனை ஆங்கிலத்திலேயே கூறிவிட்டால் கேட்டவர் வாய் தானே அடங்கிவிடும். ஆங்கிலத்திற் கூறிய மாற்றத்தை மறுத்துரைக்கும் வழக்கம் நம்மவர்க்கு இன்னும் வரவில்லை.

நம்மவர் இத்தொடரை வழங்கும் முறை அதன் பொருளுக்கு மாறானது என்பது எம் கருத்து. அதனை நம் ஊரின் ஆறுகளையும் பாலங்களையும் கொண்டே விளக்கக் கருதுகின்றோம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கத்தையும், காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளியையும் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு இருமுறை பாலத்தைக் கடக்கும் மாணவர் பலரை உடைய கல்லூரி நம்முடையது. பாலத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டன்றோ?

முதலில் அத்தொடரின் பழைய வடிவத்தை நோக்குவோம். அமெரிக்கக் கவிஞராகிய லாங்ஃபெல்லோ 1851ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கோல்டன் லெஜண்டு’ என்னும் நாடகக் கவிதையில் இத்தொடர் வருகின்றது. அவர் அதனைத் தம் புனைவாகக் கூறாமல் பழமொழியென்றே கூறுகின்றார். ஆதலின் அக்காலத்திலேயே அது மக்கள் வாயிற் பயின்று பழமை எய்தியிருந்தது என்பது தெளிவு. அங்கே அதன் வடிவம் எதிர்மறை. பாலத்தை அடையுமுன் அதனைக் கடவாதே என்பதே அது கூறும் செய்தி. இன்று நாம் கேட்பதோ, அடைந்தபோது கடப்போம் என்னும் உடன்பாட்டு வடிவம். எதிர்மறை உடன்பாடாக மாறியதால் என்ன குறைந்தது என்று சிலர் வினவக்கூடும். குறைந்தது சிறிதன்று. அடையாத பாலத்தைக் கடப்பவர் உலகில் யார்? காலினாற் கடப்பது எவர்க்கும் இயலாது. மனத்தினாற் கடப்பதே இயலும். வழியிற் செல்லும் ஒருவன், பத்துக் கல் தொலைவில் உள்ள பாலத்தை இருந்த இடத்திலிருந்தே நினைந்து, அதன் பலகை முறிந்ததாகவும், தான் நீரில் வீழ்ந்ததாகவும், தன் மனைவி மக்கள் கரையில் நின்று அழுவதாகவும் எண்ணி நடுங்குகின்றான். அவனை நோக்கி, ‘ஐயா, இன்னும் வாராத பாலத்தைக் கடவாதீர்’ என்று கூறுவதே அப்பழமொழி. வருந்துவானுக்குக் கூறும் ஆறுதல் அது. உறங்குவானுக்குத் தலையணையாக அதனைத் தைத்தவர் பிற்காலத்தவர்.

அன்றியும், அத்தொடர் பாலத்தைக் கடப்பதைப் பற்றிப் பேசுகின்றதே ஒழியப் பாலத்தைக் கட்டுவதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. பாலம் ஒன்று அங்கே உளது, அதனை முன்னரே யாரோ கட்டி வைத்துள்ளனர், ஆண்டுதோறும் பழுது பார்த்தும் வருகின்றனர் என்பதை எல்லாம் அது சொல்லாமலே கொண்டுள்ளது. இதுவே எம் கட்டுரையின் அச்சாணி. இதனைப் படிப்போர் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம்.

அப்பழமொழி கூறும் ஆறுதல் பொய்யானதன்று என்பதற்குக் காவிரியே சான்று. பங்குனி, சித்திரைத் திங்களில் நம் காவிரியைக் கண்டவர், ஆறு என்பது மணலின் பெயரோ என்று ஐயுறுவர். அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று நோக்கின் வெண்மணல் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும், சிறுவர் பந்தாடுவர். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பின், நீரிருப்புப் போதிய ஆண்டுகளில் ஜூன் மாதம் 12ஆம் நாள் அணையைத் திறத்தல் வழக்கமாயிற்று. திறந்த சில நாட்களில் அதே மணலின்மேல் நீர் புரண்டு வரும். ஆடிப் பதினெட்டில் அதே படித்துறையில் கால் வைக்க இடமிராது. இனி, மதுரையிலிருந்து மாசித் திங்களிற் புறப்படும் ஒருவன் ஆடிமாத வெள்ளத்தை நினைந்து அஞ்சுவானாயின், அவன் அஞ்சும் ஆறு வேறு, அவன் வந்து காணும் ஆறு வேறு. வருவதன் உருவம் வந்த பின்னரே தெரியும் என்பதை ஆற்றங்கரையில் வாழ்வோர் பிறரினும் நன்கறிவர். (பாலத்தின்கீழ் ஓடிப்போன நீர் என்று, கழிந்துபோன செய்தியைக் குறிக்கும் மற்றொரு தொடரும் ஆங்கிலத்தில் உண்டு. அதனை ஆண்டு முழுதும் நீரோடும் நாட்டார் கூறினர். வைகாசியில் நம் பாலத்தின்மேல் நின்று அதனைக் கூறுவது சற்றே நகைப்பிற்கு இடமாகும்.)

தமிழ்ப் பழமொழிகளில் இதற்கு இணையானது உண்டா என்று தேடுவோர் முதலில் எதிர்ப்படக் காண்பது ‘வெள்ளம் வருமுன் அணை கோலு’ என்பதையே. இதனையும் ஆங்கிலத் தொடரையும் அருகருகே வைத்து, மேனாட்டார் வந்தபின் பார்ப்போர், நாமோ வருமுன் காப்போர் என்று மேடையிற் பெருமை பேசுவார் உளர். வள்ளுவரும் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில் வருமுன் காவாதவனை எச்சரித்திருத்தலின் அப்பெருமைக்கு வலிவு மிகும். கைதட்டலும் கிடைக்கும். ஆயினும் அவ்வொப்பீடு பொருந்தாது. அணை கோலுதல் செய்கை. கடவாதே என்பது கவலையை நோக்கியது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. அணையைக் கோலிவிட்டுக் கவலையின்றி உறங்குபவன் இரு பழமொழிகளையும் ஒருங்கே போற்றியவன் ஆவான்.

உண்மையான இணை வேறொன்று உளது. அதனை இவ்விதழில் அச்சிடுதல் தகுமோ என்று சிறிது தயங்கினோம். ஊர்ப்புறத்தில் முதியோர் கூறுவது அது: ஆறு ஒரு காத தூரம் இருக்கும்போதே கோவணத்தை அவிழ்ப்பானேன் என்பர். இதைவிடத் தெளிவாக அக்கருத்தை எம்மொழியினர் கூறினர்? ஆற்றை நீந்தியும் நடந்தும் கடந்த மக்கள் கூறியது இது. ஆடை நனையாமல் தலையிற் சுற்றிக்கொண்டு இறங்குதல் அவர்க்குப் பழக்கம். அதனைக் கரையிற் செய்தால் அறிவு. காத தூரத்தில், ஊர் நடுவே செய்தால் நகைப்பு. வாராத இடரை எண்ணி வருந்துவோனின் நிலையை இவ்வளவு நகைச்சுவையோடு எடுத்துக்காட்டும் திறம் அந்த ஆங்கிலப் பழமொழிக்கு இல்லை.

இதில் பாலம் என்னும் பேச்சே இல்லாமையை நோக்குக. நம் ஆற்றுப் பழமொழிகளை எண்ணிப் பார்த்தால் ஓடம் வரும், வண்டி ஓடத்தில் ஏறும், மண்குதிரை வரும், ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என நிற்பவன் வருவான், ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பியாய் இருந்து அக்கரை ஏறியதும் நீ யார் நான் யார் என்பானும் வருவான், அணை கடந்து போய், அழுதாலும் திரும்பாத வெள்ளமும் வரும். எமக்குத் தெரிந்தவரையில் பாலம் மட்டும் வருவதில்லை. காவிரி, கொள்ளிடம் போன்ற பேராறுகளின் குறுக்கே நிலையான பாலங்கள் எழுந்தது அணித்தான காலத்திலேயே அன்றோ? பாலம் இல்லாதார் பழமொழியில் ஒவ்வொருவனும் தன் காலையும் தன் ஓடத்தையும் நம்பினான். பாலம் உடையார் பழமொழியைக் கடன் வாங்கும்போது, பாலம் கட்டினவன் ஒருவன் உண்டு என்பது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது.

அவனை நினைவூட்டும் பொருட்டு, நம் ஊரில் நிகழ்ந்த சிலவற்றைக் கூறுவோம். கொள்ளிடத்தின்மேல் 1928ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. நம் பாட்டனார் காலத்துப் பேருந்துகளும் பாரவண்டிகளும் அதன் வழியே சென்றன. அது முதுமை எய்தியமை கண்டு, அதன் அருகே வேறொரு பாலம் எழுப்பி 2016ஆம் ஆண்டில் திறந்தனர். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மேட்டூர் நிரம்பி வழிந்து கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது பழைய பாலத்தின் தூண்கள் சில சரிந்தன. அவ்வேளையில் அதன்மேல் போக்குவரத்து இல்லை. இரண்டாண்டு முன்னரே புதிய பாலம் இயங்கத் தொடங்கியிருந்தமையால், அவ்விபத்து பலர் கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் காட்சியாய் முடிந்தது. அன்று புதிய பாலத்தின் வழியே சென்ற ஒருவன், ‘பாலம் வரும்போது கடப்போம்’ என்று கூறியிருப்பின் அது அவனுக்கு மிகப் பொருந்தியிருக்கும். புதிய பாலத்திற்கு வரைபடம் எழுதும் மேசையில் அமர்ந்து ஒருவர் அதனைக் கூறியிருந்தால்?

அதே மாதம் 22ஆம் நாள் இரவு முக்கொம்பில் நிகழ்ந்தது மற்றொன்று. அங்கேதான் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவு மிக்கது. ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரெல்லாம் அதன் வழியே போக, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வாடின. அதனைத் தடுக்க ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை அமைத்தார். நூற்றெண்பது ஆண்டுகள் கடந்து நின்ற அவ்வணையின் மதகுகளில் ஒன்பது, 2018ஆம் ஆண்டின் அவ்விரவில் வெள்ளத்தோடு சென்றன. பின்னர்க் கல்லும் மணல் மூட்டையும் இட்டு அவ்விடத்தை அடைக்க நேர்ந்தது. ஓடும் நீரில் நின்றுகொண்டு அடைப்பதன் துன்பத்தை அங்கு வேலை செய்தோர் அறிவர். புதிய கதவணையும் பின்னர்க் கட்டப்பெற்றது.

மூன்றாவது நாம் அனைவரும் அறிந்தது. சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் இடையே காவிரியின்மேல் உள்ள பாலம் 1976ஆம் ஆண்டினது. பாலத்தின் மேற்றளம் ஒரே கல்லாய் இருப்பதில்லை. வெயிலில் விரியவும் குளிரிற் சுருங்கவும் இடந்தந்து, பகுதி பகுதியாக அமைத்து, இடையில் இணைப்புகளை வைப்பர். அவ்விணைப்புகள் தேயுந்தோறும் வண்டிச் சக்கரம் அவற்றின்மேல் ஏறி ‘தடக், தடக்’ என்னும். அவ்வோசையைக் கேட்டுக்கொண்டே பாடம் ஒப்புவித்துச் சென்ற திருவரங்கத்து மாணவர் பலர். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பழுது பார்க்கும் வேலை அடுத்த ஆண்டு மார்ச்சு வரையில் நீண்டது. அத்திங்களில் வண்டிகள் வேறு பாலத்தைச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. அரைநாழிகை வழி ஒருநாழிகையும் அதற்கு மேலும் ஆயிற்று. வைதவர் பலர். ஆயினும் அந்த இணைப்புகள் ஒருநாளிலே தேய்ந்தன அல்ல; ஒவ்வொரு சக்கரமும் சிறிது சிறிதாகத் தேய்த்தது. அதனைக் காத்திருந்து கவனிப்பவர் உளரென்னும் துணிவில்தான் நாம் கவலையின்றிக் கடக்கின்றோம்.

இவ்விடத்தில் நம் வேதாகமத்திலிருந்து ஒன்று கூறுதல் பொருந்தும். நாளையைக் குறித்து வருந்தற்க என்னும் கருத்தை மலைப்பிரசங்கத்திற் காண்கின்றோம். கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடாமல் அடித்தளம் இடுவானோ என்னும் வினாவை லூக்காவின் பதினான்காம் அதிகாரத்திற் காண்கின்றோம். இரண்டையும் கூறியவர் ஒருவரே. இவை முரணாகுமோ என்று மயங்குவார்க்கு நம் தமிழ் வேதாகமம் ஒரு சொல்லால் விளக்கம் தருகின்றது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முதலாவதற்கு எண்ணம் என்று பொருள்படும் சொல்லையே இட்டனர். அக்காலத்தில் அச்சொல்லுக்குக் கவலை என்னும் பொருளும் உண்டு. இன்று அது வழக்கொழிந்தது. ஆதலின் இக்காலத்து ஆங்கில மாணவன் அதனைப் படித்து, நாளையைப் பற்றி எண்ணவே கூடாதாம் என்று கொள்ள இடமுண்டு. தமிழில் கவலை என்றே இருத்தலின் நமக்கு அம்மயக்கம் இல்லை. ஆங்கிலப் பழமொழிக்கு நேர்ந்த இடரும் இத்தகையதே.

இனி எம் போன்றார்க்கு அணுக்கமான செய்திக்கு வருவோம். தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்தவனை உற்றார் உறவினர் கேட்கும் முதல் வினா, ‘இதைப் படித்துப் பிழைப்பிற்கு என்ன செய்வாய்?’ என்பதாம். திருமண வீட்டில் இலை முன் அமர்ந்தாலும், ஆலயம் முடிந்து வெளியே வந்தாலும், வினா அதுவே. அத்தை கேட்பதில் அன்பும், மாமன் கேட்பதிற் சிறிது ஏளனமும் கலந்திருக்கும். இதற்கு நம் வகுப்பினர் பலர் கண்டுபிடித்த விடை மேற்கூறிய ஆங்கிலத் தொடரே. வினவியவர் வாய் அடங்குகின்றது. வினா மட்டும் அடங்குவதில்லை. பள்ளியில் தமிழாசிரியராக வேண்டின் பட்டத்தின்மேற் கல்வியியற் பட்டமும், ஆசிரியர் தகுதித் தேர்வும் உள. கல்லூரியிற் கற்பிக்க விரும்பின் முதுகலையும், ‘நெட்’ அல்லது ‘செட்’ என்னும் தேர்வும் உள. இதழ்த்தொழிலோ, மொழிபெயர்ப்போ, பதிப்போ எனின் ஆங்கிலமும் கணினியும் வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு பாலமாயின், இவற்றைக் கட்டித் தருவார் வேறொருவர் இல்லை; படிக்கும் மூன்றாண்டில் நாமே தூண் நாட்ட வேண்டும். எனவே எம் மாமன்மார்க்கு அத்தொடரை விடையாகக் கூறுதல் தகாது. ஆனால், மூன்றாண்டிற்குப் பின் வேலை கிடையாமற் போமோ, ஊரார் நகைப்பரோ என்று இரவெல்லாம் விழித்திருந்து நைகின்ற மாணவன் ஒருவன் பக்கத்து அறையில் இருப்பானாயின் (இல்லாத விடுதி ஏது?), அவன் கட்டிலருகே அமர்ந்து அதே தொடரை மெல்லக் கூறுக. அது அவனுக்காகவே பிறந்தது.

எம் கருத்திற்கு இராமகாதையைக் காட்டித் தடை எழுப்பினார் எம் வகுப்பு நண்பர் ஒருவர். கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றிய இடமென்று ஒரு மண்டபத்தைத் திருவரங்கக் கோயிலில் தாயார் சன்னதிக்கு எதிரே இன்றும் காட்டுகின்றனர். அக்காவியத்தில் வானரப் படை கடலைக் கடப்பது எப்படி என்று கிட்கிந்தையிலே திட்டமிட்டதா? கடற்கரையை அடைந்த பின்னரன்றோ அணை கட்டிற்று? ஆகவே, வந்தபின் பார்ப்பதும் சான்றோர் நெறியே என்பது அவர் வாதம். தடை வலியது என்பதை ஒப்புகின்றோம். பஞ்சதந்திரத்து மூன்று மீன்களையும் அவர் துணைக்கு அழைத்தார்: வலைஞர் வருமுன் வேறு நீர்நிலை சென்ற மீனும் பிழைத்தது, வலையிற் செத்தது போலக் கிடந்து துள்ளியோடிய மீனும் பிழைத்தது, மாண்டது வருவது வரட்டும் என்றிருந்த மூன்றாவதே. எனினும் வானரப் படையிலே நளன் இருந்தான். அணை கட்டும் கலையைக் கரைக்கு வருமுன்னரே கற்றிருந்தான். இரண்டாம் மீனும் தன் நடிப்பை வலைக்குள் இருந்து பயின்றதாகத் தோன்றவில்லை. நண்பர் இதற்கு இன்னும் விடை கூறவில்லை. கூறினால் அடுத்த ஆண்டு மலரில் அவரே எழுதட்டும்.

எஞ்சி நிற்பது மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றே. அதில் இவ்வாங்கிலத் தொடர் வினவப்படின் ‘பாலம் வரும்போது கடப்போம்’ என்று எழுதி வருதல் இப்போதைய வழக்கம். யாம் காத தூரத்து ஆற்றையும் கோவணத்தையும் எழுதத் துணிந்திருக்கின்றோம். தேர்வாளர் அதற்கு முழு மதிப்பெண் அளிப்பரோ, சிவப்பு மையால் அடித்து நாகரிகம் கற்பிப்பரோ என்பதை ஏப்ரல் மாதம் வரும்போது பார்த்துக்கொள்வோம்.